தெருமுனைக் கடையைக் கடந்து போவது எப்படி?

ஒருவர் முப்பது நாள் மறுவாழ்வு இல்லத்தில் தங்குகிறார். ஒரு சொட்டு மது இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார், முகமே தெளிந்துவிடுகிறது. ஊர் திரும்பி, வழக்கமான பேருந்து நிறுத்தத்தில் இறங்கிய அன்று மாலையே குடித்துவிடுகிறார். "இவனுக்கு மன உறுதியே கிடையாது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறு. அவர் மூளைக்குள் நடந்தது வேறு.

குடிப்பழக்கத்தில் பெரும்பகுதி கற்றல்தான். மாலை ஆறரை மணி, கடைத்தெரு, சேர்ந்து குடிக்கும் நண்பரின் குரல், சம்பள நாள் எல்லாமே மூளைக்கு முன்னறிவிப்பு. பாவ்லோவின் நாய்க்கு ஒலி கேட்டதும் எச்சில் ஊறியதைப் போல, இந்த அடையாளங்களைக் கண்டதுமே டோபமீன் என்ற மூளை ரசாயனம் சுரந்து தவிப்பு எழுகிறது. அடையாளம் பலமுறை வந்தும் மது வராமல் போனால் தவிப்பு குறையும். ஆனால் பழைய பாடம் அழிவதில்லை. "இப்போது மது வராது" என்ற புதுப் பாடம் அதன் மேல் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். அமெரிக்க உளவியலாளர் மார்க் பூட்டன் எலிகளை வைத்து நடத்திய ஆய்வுகளில் தெரிந்தது இது: புதுப் பாடம், கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இடம் மாறினால் பழைய பாடம் தலைதூக்கும். மறுவாழ்வு இல்லத்தில் கற்றது பேருந்து நிறுத்தத்தில் கைகொடுக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெளிநோயாளி ஆலோசனையின் பலம் இங்கேதான். வாரம் ஒருமுறை வந்து பேசிவிட்டு, அதே வீட்டுக்கு, அதே தெருவுக்குத் திரும்புகிறார். பயிற்சி அந்தத் தெருவிலேயே நடக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. மது, மூளையை அடக்கும் காபா என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டும். மூளையைத் தூண்டும் குளுட்டமேட் என்ற ரசாயனத்தின் வேலையைக் குறைக்கும். ஆண்டுக்கணக்கில் குடிப்பவரின் மூளை இதை ஈடுகட்டத் தன் பிரேக்கைத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை அழுத்தியே வைத்திருக்கும். திடீரென மதுவை நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை. முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் இடம் தெரியாத குழப்பமும் வரலாம். உயிருக்கே ஆபத்தான கட்டம் இது. முன்பு வலிப்பு வந்தவர்கள், தனியாக வசிப்பவர்கள், தளர்ந்த முதியவர்கள் வார்டில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவரிடம் "நாளை முதல் தொடாதே" என்று வீட்டிலேயே சத்தியம் வாங்குவது ஆபத்து. மற்றவர்களுக்கு நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) சத்தும் கொடுத்து வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள முடியும்.

சரி, ஆலோசனை அறைக்குள் என்ன நடக்கிறது? முதலில் அளவெடுப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 20 அல்லது அதற்கு மேல் வந்தால் மதுவுக்கு அடிமையாகியிருக்கும் வாய்ப்பு அதிகம். அப்புறம் பேச்சு, அதுவும் அறிவுரையாக இல்லாமல். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் விவரித்த முறை இது. "குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், ஐயா? பத்துக்கு எத்தனை சொல்வீர்கள்?" என்று ஆலோசகர் கேட்கிறார். "நாலு" என்கிறார் வந்தவர். "ஏன் நாலுதானா?" என்று கேட்டால் குடிக்குச் சாதகமான காரணங்களை அடுக்குவார். அதனால் கேள்வி திரும்பி வருகிறது: "இரண்டு என்று சொல்லியிருக்கலாமே, ஏன் நாலு சொன்னீர்கள்?" இப்போது பேத்தி பக்கத்தில் வர மறுப்பது அவர் வாயிலிருந்தே வருகிறது. பிறர் திணிக்கும் காரணத்தோடு மனம் சண்டை போடும். தானே சொன்னதோடு அவ்வளவாகப் போடாது.

அடுத்தது தவிப்பைக் கையாளும் பயிற்சி. தவிப்பு ஓர் அலை. ஏறும், உச்சம் தொடும், குடிக்காமல் விட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணியை எங்கே, யாரோடு கழிப்பது என்று முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். இடையில் ஒருநாள் குடித்துவிட்டாலும், எந்த அடையாளம் இழுத்தது என்று ஆராயும் தகவலாகவே அதை எடுத்துக்கொள்கிறார்கள். தேவைப்பட்டால் நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்தும் சேரும். குடிப்பதில் கிடைக்கும் இன்பத்தை அது மங்கச் செய்கிறது.

இது பெரிய நகர மருத்துவமனைகளில் மட்டுமே முடியும் என்பதில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசினார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் அபாயக் குடியிலிருந்து வெளிவந்தவர்கள் 36 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 65 வயது வரையிலான ஆண்கள்.

65-ஐத் தாண்டியவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பணி ஓய்வு, துணையின் மறைவு, பகலெல்லாம் வெறுமை. இவற்றுக்குப் பிறகு குடி கூடியவர்கள் உண்டு. கூட்டாமல் பழைய அளவிலேயே குடிப்பவருக்கும் அபாயம் ஏறுகிறது. 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் சாராயம் என்றால் அது சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். இளவயதில் உடல் எடையில் 60 சதவீதம் நீர். முதுமையில் 50 பக்கம் இறங்கிவிடும். சாராயம் கரைய இருக்கும் நீர் குறைவதால் அதே குவார்ட்டர் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் செறிவோடு நிற்கும். கூடவே சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை. விழுவது, மறப்பது, இரவில் விழித்துக்கிடப்பது எல்லாவற்றையும் "வயசாச்சு" என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். சில நேரம் மருத்துவரும் குடியைப் பற்றிக் கேட்பதில்லை.

முதியவர்களுக்கான அமர்வு மெதுவாக நகரும். பேசியதைப் பெரிய எழுத்தில் எழுதித் தருவார்கள். குடி நின்ற சில வாரங்களில் நினைவு ஓரளவு தெளியும் என்பதால் கனமான விஷயங்களை அதற்குப் பிறகே எடுப்பார்கள். இந்த வயதில் என்ன மாற்றம் வரப்போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சிகிச்சையைத் தொடர்வதில் முதியவர்கள் இளையவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அப்பாவையோ அம்மாவையோ முதல்முறை அழைத்துப் போகும்போது, அவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.