பழைய அளவு இனி ஒத்துவராது

பைக்கில் விழுந்து தலையில் அடி. 10 நாள் ஆஸ்பத்திரி. தையல் பிரித்தாயிற்று, ரத்தக்கசிவும் சரியாகிவிட்டது. 2 மாதத்தில் பையன் நடக்கிறான், சிரிக்கிறான், போன் நோண்டுகிறான். "அதான் நல்லா இருக்கியேடா, ஒரே ஒரு பெக்" என்று நண்பர்கள் கூப்பிடுவது இந்தச் சமயத்தில்தான். விபத்துக்கு முன்பு எவ்வளவு தாங்கினானோ அந்தக் கணக்கோடுதான் அவனும் போகிறான். மூளை அந்தப் பழைய மூளை இல்லை.

கெட்டித் தயிர் மாதிரி இருக்கும் மூளை, வண்டி மோதி நின்ற பிறகும் மண்டைக்குள் ஆடும். கண்குழிக்கு மேலே உள்ள எலும்புத் தளம் கரடுமுரடானது. அதில் உரசி, மூளையின் முன்பகுதியான முன்மடலின் அடிப்பகுதி கன்றிப்போகும். நரம்பிழைகள் இழுபட்டு அறும். இந்த நுண்ணிய சேதம் சிடி ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. 'போதும், எழுந்திரு' என்று நமக்குள் சொல்கிற இடமே முன்மடல்தான். ஏறக்குறைய 25 வயது வரை அது முதிர்ந்துகொண்டே இருக்கும். அடிபட்டவன் ஒரு பெக்கோடு நிறுத்தாததைத் திமிர் என்று வீட்டில் திட்டுகிறார்கள். அது அநியாயம். பிரேக்கே தேய்ந்துபோயிருக்கிறது.

அடுத்தது வலிப்பு. மூளையில் அடிபட்ட இடத்தில் உண்டாகும் தழும்பைச் சுற்றியுள்ள நரம்பணுக்கள் சட்டென்று கிளர்ச்சியடையும், அதுவும் பல வருடம் கழித்துக்கூட. 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில், பாறை வெடிவைக்கும்போது ஃபினியஸ் கேஜ் என்ற 25 வயது இளைஞரின் மண்டையை இரும்புக்கம்பி துளைத்தது. பிழைத்தார், வேலைக்கும் போனார். 1860-இல் வலிப்பு வந்து இறந்தார்.

மது மூளையை அமர்த்தும். போதை இறங்கும்போது அமுக்கிவைத்த கிளர்ச்சி எகிறும். வலிப்பு பெரும்பாலும் அப்போதுதான் வரும். "இன்னைக்குக் குடிக்கப்போறேன், மாத்திரை வேணாம்" என்று வலிப்பு மாத்திரையைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். குடியும் சேர்ந்து, காப்பும் போன ராத்திரி அது. கொக்கைனும் மெத் (மெத்தாம்ஃபெட்டமின்) என்ற போதைப்பொருளும் மூளையை நேராகவே உசுப்பிவிடும்.

கஞ்சா, அடிபட்டவனிடம் ஏற்கெனவே தள்ளாடுகிற ஞாபகத்தையும் நடைச் சமநிலையையும் இன்னும் குலைக்கும். மறுபடி விழுந்தால் இரண்டாவது அடி.

எனக்கு அதிகம் கவலை தருவது டேபென்டடால். தமிழ்நாட்டில் இந்த வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். இது மூச்சை மந்தப்படுத்தும். வெளியேறாத கார்பன் டை ஆக்சைடு மூளையின் ரத்தக்குழாய்களை விரிக்கும், மண்டைக்குள் அழுத்தம் ஏறும். அடிபட்டுச் சில வாரமே ஆன, இன்னும் வீக்கம் வடியாத மூளைக்கு அது பெரிய ஆபத்து. இந்த மாத்திரை வலிப்பையும் தூண்டக்கூடியது.

தினமும் குடித்துப் பழகியவர் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தினாலும் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அதனால் எதை, எவ்வளவு, கடைசியாக எப்போது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அம்மா பக்கத்தில் நிற்பதால் வாய் வரவில்லை என்றால், தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம்.