காந்தப்புலன்

சத்துவாச்சாரியில் மொட்டை மாடியில் புறா வளர்க்கும் நண்பர் ஒருவர், ஞாயிறு காலையில் கூடையோடு வாலாஜா வரை போய்ப் புறாக்களைத் திறந்து விடுவார். அவர் பஸ் பிடித்து வருவதற்குள் அவை கூண்டுக்கு வந்திருக்கும். "எப்படித் தாத்தா அதுக்கு வழி தெரியுது?" என்று பேரன் கேட்க, நான் குறுக்கே புகுந்து, பூமியின் காந்தத்தை உணரும் திறனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'மேக்னெட்டோரிசெப்ஷன்' என்ற சொல்லைச் சொன்னேன். "ரிசெப்ஷன்னா கல்யாணத்துக்கு வைப்பாங்களே, அதுவா?" என்றான்.

பையன் கேட்டதில் தப்பில்லை. இரண்டும் ஒரே வேர்தான். 'வாங்கிக்கொள்ளுதல்' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை. கல்யாணத்தில் விருந்தினரை ஏற்கிறோம். உடலில் ஏற்பி என்னும் உறுப்பு சேதியை ஏற்கிறது. முன்பகுதியான 'மேக்னெட்', காந்தக்கல் கிடைத்த மக்னீசியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரால் வந்தது. இதை அப்படியே பெயர்த்து 'காந்த வரவேற்பு' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

நம் 'காந்தம்' இன்னும் அழகு. அயக்காந்தம் என்பதன் சுருக்கம் அது. வடமொழியில் அயஸ் என்றால் இரும்பு, காந்தம் என்றால் விரும்பப்படுவது. இரும்பு விரும்பும் கல். சித்த மருந்துக் கடையில் அயக்காந்தச் செந்தூரம் கேட்டால் இன்றும் கிடைக்கும். மிளகாய் அரைத்த கை காந்துகிறது என்கிறோமே, அந்தக் 'காந்து' வெப்பம் பற்றியது. காந்தம் அதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எனக்கு அயக்காந்தம் என்ற முழுச்சொல்லே போதுமான சான்று.

சரி, 'ரிசெப்ஷ'னுக்கு என்ன சொல்வது? இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. புலம் என்றால் வயல், இடம், திசை, அறிவு. தென்புலத்தார் என்று வள்ளுவர் சொல்வது தெற்குத் திசையில் உறைவதாகக் கருதப்படும் மூதாதையரை. ஊர்விட்டு ஊர் போவது புலம்பெயர்தல். நிலம் நிலன் ஆவது போல, புலம் கடைப்போலியாகப் புலன் ஆகும்; அந்தப் புலன்தான் கண், காது முதலான ஐந்திலும் இருக்கிறது. அறிவியலில் காந்தத்தின் ஆற்றல் பரவியிருக்கும் வெளியைக் காந்தப்புலம் என்றே எழுதிப் பழகிவிட்டோம். அப்புறம் அதை உணரும் திறனுக்குக் காந்தப்புலன் என்பதைவிடப் பொருந்தும் சொல் எது? பூமிக்குக் காந்தப்புலம், புறாவுக்குக் காந்தப்புலன். புலம்பெயரும் பறவைக்கு அந்தப் புலன் வேண்டியிருப்பதையும் இந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

இந்தப் புலன் எதை உணர்கிறது? 1972இல் ஜெர்மனியின் வில்ட்ஷ்கோ தம்பதியர் ஐரோப்பிய ராபின் குருவியிடம் கண்டது வியப்பானது. அது வடக்கு தெற்கைப் பார்ப்பதில்லை. காந்தக் கோடுகள் தரையோடு செய்யும் கோணத்தை, அதாவது காந்தச் சரிவைப் பார்க்கிறது. பிராங்க்பர்ட்டில் அந்தச் சரிவு 60 பாகைக்கும் மேல். அந்தச் சரிவே இல்லாத காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே, கேரளத்தின் தும்பா பக்கம் போவதால், வேலூரில் தொங்கவிட்ட காந்த ஊசி ஏறக்குறைய படுத்தேதான் இருக்கும்.

புறாவுக்கு இது ஒன்றே வழியல்ல. 1971இல் கீட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் புறாக்களின் மேல் காந்தத்தைக் கட்டிப் பறக்கவிட்டார். வெயில் நாளில் வீடு வந்தன. மூட்டமான நாளில் தடுமாறின. வெயிலில் சூரியனே போதும். உறுப்பு எங்கே என்பது இன்னும் சண்டைக்குரியது. அலகில் இருப்பதாகச் சொன்ன இரும்பு நிறைந்த உயிரணுக்கள் நோயெதிர்ப்பு உயிரணுக்களே என்று 2012இல் காட்டினார்கள். கண்ணின் விழித்திரையில் நீல ஒளியை வாங்கும் கிரிப்டோகுரோம் என்ற புரதம்தான் என்போர் இப்போது அதிகம்.

ஒரு எச்சரிக்கை. சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்களும் காந்தக் கோட்டோடு ஒத்து நீந்தும். உடலுக்குள் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுத் துகள்கள் வரிசையாக இருக்கும். செத்த பாக்டீரியாவும் அப்படியே திரும்பும். உணர்வு இல்லாத இடத்தில் புலன் என்று சொல்லக் கூடாது. அதற்குக் 'காந்த நாட்டம்' என்று எழுதுவதே சரி.