52-இல் 27 போக 35: கருவியின் கண்ணில் படாத பிழை

ஏழாம் வகுப்பில் நேர் விகிதமும் எதிர் விகிதமும் நடத்திய நாளில், புதிதாகப் பொருத்திய ஸ்மார்ட் போர்டில் காணொளி ஓடி முடிந்ததும் வகுப்பே கைதட்டியது. பிறகு கொடுத்த கணக்கின் நடுவே வந்த ஒரு சிறு கழித்தலில், முன்வரிசை மாணவி ஒருத்தி 52-இல் 27 போக 35 என்று எழுதியிருந்தாள். 2-இல் 7 போகாது என்பதால் 7-இல் 2-ஐக் கழித்து 5 போட்டிருந்தாள். பத்துகளில் 5-இல் 2 போக 3. பாடநூல் இனமாற்றம் என்றும் நாங்கள் கடன் வாங்குதல் என்றும் சொல்லும் அந்தப் படி, தொடக்க வகுப்பிலேயே அவளுக்கு விட்டுப்போயிருக்கிறது. மறுநாள், பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐஸ் குச்சிக் கட்டுகளை அவள்முன் வைத்தபோது, "கட்டைப் பிரிக்கலாமா சார்?" என்று கேட்டாள். அதுவரை யாரும் பிரித்துக் காட்டியிருக்கவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவினரும், நன்கொடை தர முன்வரும் முன்னாள் மாணவர்களும் எத்தனை டேப்லெட் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கும்போதெல்லாம் அந்த 35 நினைவுக்கு வருகிறது.

பெரு நாட்டு அரசு, 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கியது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319-இல், ஏறத்தாழ 15 மாதப் பயன்பாட்டுக்குப் பின் தேர்வு வைத்துப் பார்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு, கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது.

குஜராத்தில் ஞான்சாலா என்ற தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் கிடைத்த பாடம் இன்னும் கசப்பானது. அங்கே ஒரே கணித மென்பொருளை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் நடத்தும் நேரத்தை எடுத்துக்கொண்டு கணினிமுன் உட்கார வைத்த இடங்களில் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகக் கற்றார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதல் பயிற்சியாகக் கொடுத்த இடங்களில் முன்னேறினார்கள். கணக்குப் பாடவேளையையே கணினி அறைக்குத் தூக்கிக் கொடுத்துவிடும் நம் கால அட்டவணைகளைப் பார்க்கும்போது எனக்கு இது உறுத்தும்.

பலன் கிடைத்த இடமும் உண்டு. தில்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளைக் கொண்டு பள்ளி நேரத்துக்குப் பின் நடந்த மையங்களைப் பற்றிப் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 619 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த மாணவர், கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நான்கரை வகுப்பாக விரிந்திருந்தது. மென்பொருள் ஒவ்வொருவரும் உண்மையில் நிற்கும் படியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கேள்வி கொடுத்தது. தினமும் 90 நிமிடத்தில் பாதி நேரம் அதற்கு, மீதி நேரம் சிறு குழுவாக ஒரு பயிற்றுநரிடம். நான்கரை மாதத்திலேயே கணிதத்திலும் இந்தியிலும் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பள்ளியின் வழக்கமான கணிதத் தேர்வில் அது பெரிதாக வெளிப்படவில்லை. வினாத்தாள் வகுப்புக்கு ஏற்றபடி இருந்தது, பிள்ளைகள் ஏறிவந்த படிகளோ அதற்குக் கீழே இருந்தன. மதிப்பெண் உயரவில்லையே என்று ஆறு மாதத்தில் செயலியைக் கைவிடும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

இணையமே இல்லாத வீட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவைச் சொல்வேன். 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது, அங்கே சில வீடுகளுக்கு வாரந்தோறும் குறுஞ்செய்தியில் கணக்கு அனுப்பினார்கள்; வேறு சில வீடுகளுக்குக் குறுஞ்செய்தியோடு, பயிற்றுநர் ஒருவர் 15, 20 நிமிடம் தொலைபேசியில் அழைத்துப் பிள்ளையோடும் பெற்றோரோடும் பேசினார். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அழைப்பும் சேர்ந்த வீடுகளில் பிள்ளைகள் கற்றார்கள். சாதாரணப் பொத்தான் செல்பேசியே போதுமானதாக இருந்தது.

அண்மையில் எங்கள் பள்ளிக்கு ஒரு செயலியை விற்க வந்தவரிடம், 52-இல் 27 போக 35 என்று பிள்ளை விடை கொடுத்தால் உங்கள் செயலி என்ன செய்யும் என்று கேட்டேன். சிவப்பு நிறத்தில் தவறு என்று காட்டி, சரியான விடை 25 என்று சொல்லும் என்றார். அடுத்து என்ன கேள்வி வரும் என்று கேட்டதற்கு, பாடத்திட்டப்படி அடுத்த பாடம் வரும் என்றார். மேலாண்மைக் குழு அந்தத் தொகையை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார ஊரில் படித்தவர் யார் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.