பைப்பில் பாதி எழுதும்போது சிக்னல் வந்தால்

ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்குத் தரவை அனுப்பும் குழாய்தான் பைப். லினக்ஸில் அது வழக்கமாக 65,536 பைட் கொள்ளும். காலியான பைப் ஒன்றில் ஒரே ‘ரைட்’ அழைப்பில் 1,00,000 பைட் எழுதுகிறீர்கள், மறுமுனையில் யாரும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் 65,536 பைட் உள்ளே போய்விடும். மீதிக்கு இடமில்லாததால், கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) உங்கள் நிரலைத் தூங்க வைத்துவிடும். அந்த நேரம் பார்த்து ஓர் அலாரம் சிக்னல், அதாவது நிரலை இடைமறிக்கும் அறிவிப்பு, வருகிறது; அது வந்தால் ஓட வேண்டிய ஹேண்ட்லர் என்ற துணுக்கு நிரலையும் வைத்திருக்கிறீர்கள். ஹேண்ட்லர் ஓடி முடிந்ததும் ‘ரைட்’ என்ன சொல்லித் திரும்பும்?

பிழை என்று சொல்லாது. 65,536 என்று சொல்லும். பிழைக்கு அடையாளமான மைனஸ் ஒன்று வந்ததா என்று மட்டும் பார்க்கிற நிரல், எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி அடுத்த வேலையைப் பார்க்கும். மிச்சம் 34,464 பைட் சத்தமில்லாமல் தொலைந்துபோகும்.

பைப் முன்பே நிரம்பியிருந்து ஒரு பைட்கூட நுழையவில்லை என்றால் கதை வேறு. அப்போது வருவது மைனஸ் ஒன்று, கூடவே சிக்னல் குறுக்கிட்டது என்று சொல்லும் ‘ஈஇன்டர்’ பிழை. இந்த இடத்தில்தான் யுனிக்ஸ் குடும்பத்துக்குள் பங்காளிச் சண்டை. சிஸ்டம் ஃபைவ் என்ற கிளை அந்தப் பிழையை நிரலின் தலையில் கட்டியது. 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற இன்னொரு கிளை அழைப்பைத் தானே மறுபடி தொடங்கியது. இன்று, ஹேண்ட்லரைப் பதிவு செய்யும்போது, அழைப்பைத் தானே மறுபடி தொடங்கச் சொல்லும் ‘எஸ்ஏ_ரீஸ்டார்ட்’ என்ற கொடியைப் போடுவதா வேண்டாமா என்பது நிரல் எழுதுபவர் விருப்பம்.

சரி, கொடியைப் போட்டால் அந்த 34,464 பைட் பிழைக்குமா? பிழைக்காது. மறுதொடக்கம் என்பது அதே அழைப்பை அதே முகவரி, அதே நீளத்தோடு முதலிலிருந்து செய்வது. உள்ளே போன பைட்டுகளை எதிர்முனை அதற்குள் படித்தும் இருக்கலாம். அவற்றைத் திரும்பப் பிடுங்க வழியில்லை. முதலிலிருந்து எழுதினால் ஒரே தரவு இரண்டு முறை போகும். அதனால் எவ்வளவு போனதோ அந்த எண்ணைச் சொல்லிவிட்டுக் கெர்னல் ஒதுங்கிக்கொள்கிறது. என்னைக் கேட்டால், அதுதான் நியாயம்.

சின்னச் செய்திகளுக்கு இந்த வம்பே இல்லை. லினக்ஸில் 4,096 பைட் வரை மொத்தமாகப் போகும், இல்லாவிட்டால் துளியும் போகாது. சிறிய தரவை வைத்துச் சோதிக்கும்போது இந்தக் கோளாறு தலைகாட்டாமல் இருப்பது அதனால்தான்.

மருந்து ஒரு லூப். திரும்பி வந்த எண்ணைக் கழித்து மிச்சத்தை எழுத வேண்டும். ‘ஈஇன்டர்’ வந்தால் மறுபடி முயல வேண்டும். பைத்தான் மொழி 3.5 பதிப்பிலிருந்து இந்த இரண்டாவது வேலையைத் தானே செய்கிறது. ஆனால் அதன் ‘ஓஎஸ்.ரைட்’ கொடுக்கும் எண்ணை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும்.