தண்டவாளத்தின் நடுவே ட்ரைபாட் வைக்காதீர்கள்

நான் ரயில் இன்ஜின் ஓட்டுகிறவன். போன வாரமும் ஒரு பையன். தண்டவாளத்தின் நடுவே ஜல்லியில் ட்ரைபாடை ஊன்றிவிட்டுக் குனிந்து கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹாரனை விடாமல் அடித்து எமர்ஜென்சி பிரேக் போட்டோம். கடைசி நேரத்தில் பக்கத்துச் சரிவில் உருண்டு தப்பித்தான். அடுத்த ஸ்டேஷன் வரும்வரை என் அசிஸ்டென்ட்டுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

ராத்திரியில் தண்டவாளத்தைப் படம் எடுக்கும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. சிக்னலின் பச்சை வெளிச்சம் தண்டவாளத்தில் மின்னும் அழகை தினமும் பார்க்கிறவன் நான். ஆனால் பிடிபடுகிறவர்கள் சொல்லும் ஒரே பதிலைத்தான் பொறுக்க முடியவில்லை: "ரயில் வந்தால் சத்தம் கேட்குமே சார்!"

கேட்காது தம்பி. 'தடக் தடக்' சத்தமெல்லாம் தண்டவாள இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கியதால் வந்தது. இப்போது நீளம் நீளமாக வெல்டிங் செய்துவிட்டார்கள். டீசல் இன்ஜினின் உறுமலும் மின்சார இன்ஜினில் கிடையாது. பக்கவாட்டில் நிற்பவருக்குக் கேட்கும் அளவுக்கு, நேர் எதிரே நிற்பவருக்குச் சத்தம் கேட்பதில்லை. அடுத்த லைனில் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தால் அந்தக் கொஞ்சமும் அமுங்கிப்போகும். செயலியில் நேரம் பார்த்துவிட்டுத்தான் இறங்கினோம் என்பார்கள். சரக்கு வண்டியும், பெட்டியில்லாமல் தனியாக வரும் இன்ஜினும் எந்தச் செயலியில் வருகின்றன?

மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 30 மீட்டர் போகும். ராத்திரிப் படத்துக்காக நீங்கள் கேமரா ஷட்டரைத் திறந்து வைக்கும் 30 நொடி எக்ஸ்போஷர் முடிவதற்குள் 900 மீட்டரைத் தாண்டியிருக்கும். என் முன்விளக்கில் ஆள் தெரிவது ஏறக்குறைய 300 மீட்டரில். வண்டி நிற்க ஒரு கிலோமீட்டர் வரைகூட ஆகலாம். உங்களைப் பார்த்தபிறகு என் கையில் ஹாரனைத் தவிர எதுவுமில்லை.

இன்னொன்று, லைட் பெயிண்டிங், அதாவது இருட்டில் டார்ச்சை அசைத்து வெளிச்சக் கோடுகளைப் படம் பிடிப்பது. இரவில் சிவப்பு விளக்கு காட்டினாலோ, வெள்ளை விளக்கை வேகமாகக் குறுக்கே வீசினாலோ எங்கள் விதிப்படி 'நிறுத்து' என்று அர்த்தம். நீங்கள் டார்ச்சைச் சுழற்றுவது படத்துக்காகவா, ஆபத்துக்காகவா என்று இன்ஜின் கேபினிலிருந்து எனக்குத் தெரியாது. பிரேக் போட்டே ஆகவேண்டும்.

மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாயும். மேம்பாலத்திலிருந்து செல்ஃபி ஸ்டிக்கை நீட்டாதீர்கள். வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் பாயின்ட் இருக்கும் இடத்தில் காலை வைக்கவே வைக்காதீர்கள். எங்கிருந்தோ இயக்குவார்கள், கால் நடுவில் சிக்கிக்கொள்ளும். அத்துமீறி உள்ளே நுழைவதே 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் குற்றம்.

படம் வேண்டுமா? வேலிக்கு வெளியே பொதுச்சாலையில் நின்று ஜூம் லென்ஸில் எடுங்கள். செங்கோட்டை–புனலூர் பாதையில் கழுத்துருட்டி பதிமூன்று கண் பாலம் நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிறது. ஸ்டேஷன் என்றால் முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். இயர்போன் கூடவே கூடாது.

கையிலிருந்து லென்ஸ் நழுவித் தண்டவாளத்தில் விழுந்துவிட்டால், தயவுசெய்து அதை எடுக்க இறங்காதீர்கள். எத்தனை ஆயிரம் போட்டு வாங்கியதாக இருந்தாலும் அங்கேயே கிடக்கட்டும்.