காதருக்கு 'கே'யா, 'கியூ'வா? பெயர்த் திருத்தத்துக்குப் போகும் முன்

காரைக்குடியில் தெரிந்த குடும்பம் ஒன்று அண்மையில் தன் காகிதக் கட்டைப் பிரித்துக் காட்டியது. தமிழில் எல்லாவற்றிலும் அப்துல் காதர் என்றே இருக்கிறது. ஆங்கிலத்தில் பார்த்தால் மூன்று பேர். ஆதாரில் காதர் 'கே'யில் தொடங்குகிறார், பள்ளிச் சான்றிதழில் 'கே'யை ஒட்டி ஓர் 'எச்', பாஸ்போர்ட்டில் 'கியூ'. எது சரி என்று கேட்டார்கள். மூன்றுமே சரி, தொல்லையே அதில்தான்.

அரபியில் குறில் உயிரொலிகளைப் பொதுவாக எழுதுவதில்லை. முஹம்மது என்பது மீம், ஹா, மீம், தால் என்று நான்கே எழுத்து. 'எம்'முக்குப் பின் 'ஓ' போடுவதா 'யூ' போடுவதா, நடு 'எம்'மை இரட்டிப்பதா என்பதெல்லாம் எழுதுகிறவர் விருப்பம். காதரின் முதல் ஒலி அடித்தொண்டையில் பிறப்பது. ஆங்கிலத்தில் அதற்கு நேர் எழுத்துக் கிடையாது. அரபி படித்தவர்கள் 'கியூ' போட்டார்கள், நம் ஊர் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி 'கே' போட்டார்கள்.

இப்படித்தான் எழுத வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. ஊர்ப் பெயர்களுக்கு ஒருமுறை முயன்றார்கள்: 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. காரைக்குடிக்கே ரயில் நிலையத்தில் பெயரின் நடுவே இரண்டு 'கே', மற்ற பல இடங்களில் ஒன்று. ஊர் அப்படி இருக்கலாம், ஆள் இருக்க முடியாது. அலுவலகம் அரபி இலக்கணம் பார்ப்பதில்லை. ஒரு காகிதமும் இன்னொன்றும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதா என்றுதான் பார்க்கும்.

அடித்தளம் பிறப்புச் சான்றிதழ். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன். ஏறிய பெயரில் எழுத்துப் பிழையைத் திருத்தலாமே தவிர, மனம் மாறியதற்காகப் பெயரை மாற்றித் தரமாட்டார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ் ஒன்றுதான் செல்லும். ஆகவே பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அத்தாவின், அதாவது தந்தையின் பெயரையும் அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். வாயால் சொன்னால் கணினியில் இருப்பவர் அவருக்குத் தெரிந்த காதரைத்தான் தட்டுவார்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். அவசரப்பட்டு முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு, பிறகு வேறு காகிதத்துக்காக மறுபடி அதையே திருத்துகிறவர்கள் நிறையப் பேர். எதை எதோடு பொருத்துவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்பவருக்கு விசா, வங்கிக் கணக்கு எல்லாம் பாஸ்போர்ட்டில் தொங்குகின்றன; அவர் ஆதாரைப் பாஸ்போர்ட்டுக்கு இழுப்பதே நல்லது. பாஸ்போர்ட் எடுக்காதவர் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பிடித்துக்கொள்ளலாம். எழுத்து வேறுபாடு என்று சொல்ல முடியாத அளவுக்குப் பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட்டில் முன்னெழுத்து மட்டும் போடக் கூடாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாகவும் விடாதீர்கள். 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவோடும் வருகை விசாவோடும் வருகிறவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

காதர் 'கியூ'வோடு இருக்கட்டும் என்று முடிவாயிற்று; ஆதார் மாறுகிறது. பேத்தி பாத்திமாவின் பெயரை மட்டும் இன்னும் பதியவில்லை. அரபு முறைப்படி 'டி' ஒன்றே போதும், 'எச்' வேண்டாம் என்றார் மகன். "அப்படி எழுதினால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பாட்டிமா என்றல்லவா கூப்பிடுவார்கள்?" என்று பாட்டி கேட்டார். 'எச்' சேர்ந்தது.