விடுமுறைக்குப் பிறகு வரும் காமாலை

ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ போய்த் திரும்பிய பிள்ளைக்குப் பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், வாந்தி. சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது. அப்புறம் சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறது, கண் மஞ்சளாகிறது. “ஊரிலிருந்து வந்து மூணு வாரத்துக்கு மேல ஆச்சே, அங்கே சாப்பிட்டதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று வீட்டில் கேட்பார்கள். சம்பந்தம் உண்டு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ என்னும் வைரஸ் கிருமி வாய்வழியே உள்ளே போய் நோயாக வெளியே தெரிய 15 முதல் 50 நாள் வரை ஆகும். சராசரியாக 28 நாள்.

அத்தனை நாளும் அது என்ன செய்கிறது? மலம் கலந்த தண்ணீரிலோ ஐஸ் கட்டியிலோ வந்த வைரஸ், இரைப்பை அமிலத்தைத் தாண்டிக் கல்லீரலுக்குப் போகிறது. அங்குள்ள செல்களுக்குள் புகுந்து பெருகுகிறது, ஆனால் அவற்றைக் கொல்வதில்லை. வைரஸ் வந்துவிட்டது என்று எச்சரிக்கும் புரதம் ஒன்று செல்லுக்குள் இருக்கிறது. அதையே இந்த வைரஸ் வெட்டிவிடுகிறது. ரத்தத்தில் உலவும்போதோ நம் செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு போகிறது. இது 2013இல்தான் தெரியவந்தது. பித்தநீரில் இறங்கும்போது பித்த உப்புகள் அந்தப் போர்வையைக் கரைத்துவிட, வெற்று வைரஸ் மலத்தோடு வெளியேறுகிறது. இந்த வெற்று வைரஸ் மிகவும் உறுதியானது. கைக்குத் தடவும் ஆல்கஹால் ஜெல்லை நம்ப முடியாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவத்தான் வேண்டும். கண் மஞ்சளாவதற்கு முந்தைய ஓரிரு வாரத்தில்தான் மலத்தில் வைரஸ் மிக அதிகம். அதாவது, பிள்ளை நன்றாக ஓடியாடித் திரியும்போதே நோய் பரவுகிறது.

கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகு, பெரும்பாலும் நம் நோய் எதிர்ப்பு அணுக்களால்தான். தாமதமாக விழித்துக்கொள்ளும் அவை, வைரஸ் ஒளிந்திருக்கும் செல்களைத் தேடித் தேடி அழிக்கின்றன. செல்கள் உடைந்து அவற்றின் நொதிகள் ரத்தத்தில் கொட்டுகின்றன. வழக்கமாக 40ஐ ஒட்டி இருக்கும் ஏஎல்டி என்னும் கல்லீரல் நொதியின் அளவு ஆயிரங்களில் ஏறும். ஆறு வயதுக்குக் கீழே சுமார் 70 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு அறிகுறியே தெரியாது. வயது கூடக் கூட நோயின் கடுமையும் கூடும். ஆனாலும் பெரும்பாலோர் ஓரிரு மாதத்தில் முழுமையாகத் தேறிவிடுவார்கள். ஹெபடைட்டிஸ் பி போல இது உடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை.

மிகச் சிலருக்கு, நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, இந்தச் சண்டை கட்டுக்கடங்காமல் போய்க் கல்லீரல் செயலிழக்கிறது. இந்த நோயால் இறந்த 11 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளியானது. இன்டர்லூக்கின்-18 என்னும் அழற்சிப் பொருளை அடக்கிவைக்கும் புரதம் அவளுக்குப் பிறவியிலேயே இல்லை. கடிவாளம் இல்லாத எதிர்ப்பு அணுக்கள், வைரஸ் தொற்றாத செல்களையும் கொன்றிருக்கின்றன. எந்தப் பிள்ளைக்கு இப்படி ஆகும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதனால் சில அறிகுறிகளைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மஞ்சள் நிறத்தோடு ஓயாத வாந்தி, பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், பேச்சில் குழப்பம், காரணமில்லாத எரிச்சல், ஈறில் ரத்தம், அடிபடாமலே தோலில் கன்றிப்போதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனையிலும் ஏமாற இடமுண்டு. ஆயிரங்களில் இருந்த நொதி அளவு மளமளவென்று இறங்கினால் நல்ல சேதி என்றுதான் தோன்றும். அதே நேரத்தில் கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் என்னும் நிறமி ஏறி, ரத்தம் உறையும் நேரமும் நீண்டுகொண்டே போனால், கசிவதற்குக்கூடச் செல்கள் மிச்சமில்லை என்று பொருள். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே கொடுத்து மருத்துவர்கள் பார்ப்பார்கள். அப்போதும் உறையும் நேரம் சீராகாவிட்டால் கல்லீரல் மாற்று வரை யோசிக்க வேண்டியிருக்கும்.

கீழாநெல்லி பற்றியும் சொல்ல வேண்டும். தேக்கா சந்தையில் வாங்கி அரைத்துக் கொடுத்தோம், சரியாகிவிட்டது என்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் எதுவும் கொடுக்காவிட்டாலும் தேறியிருப்பார்கள். சாறு கொடுத்துக் காத்திருக்கும் நாட்களில் மேலே சொன்ன அறிகுறிகள் கவனிக்கப்படாமல் போவதுதான் என் பயம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பதையும் அளவு கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

சிங்கப்பூரில் வாளிக் கழிப்பறைகள் 1987இல்தான் ஒழிந்தன. அந்தக் காலத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிகளில் பலருக்குச் சிறுவயதிலேயே நோய் தெரியாமல் வந்து போய், ஆயுளுக்கும் எதிர்ப்பு சக்தி கிடைத்துவிட்டது. சுத்தமான ஊரில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அது இல்லை. “நாங்கள் எல்லாம் குழாய்த் தண்ணீர் குடித்து வளரவில்லையா” என்ற வாதம் அவர்களுக்குப் பொருந்தாது. உள்ளூரிலும் கவனம் தேவை: லக்சா என்னும் நூடுல்ஸ் குழம்பில் அரைவேக்காடாகக் கிடக்கும் சிப்பி இந்த வைரஸுக்கு நல்ல வாகனம். 1988இல் ஷாங்காயில் சுமார் 3 லட்சம் பேரைப் படுக்கவைத்தது சரியாக வேகாத சிப்பிதான்.

அர்ஜென்டினாவில் குழந்தைகளின் திடீர்க் கல்லீரல் செயலிழப்புக்கு ஹெபடைட்டிஸ் ஏ முதன்மைக் காரணமாக இருந்தது. 2005இல் ஒரு வயதுக் குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே ஒரு தவணைத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பாதிப்பு ஏறக்குறைய மறைந்தே போனது. சிங்கப்பூரின் தேசியக் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, ஆகவே நாமாகத்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஒரு வயது முடிந்ததும் போடலாம்; ஆறு மாதம் கழித்து இரண்டாம் தவணை. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே முதல் ஊசி போட்டுவிடுவது நல்லது. வீட்டில் ஒருவருக்கு நோய் வந்துவிட்டாலும், கிருமியோடு தொடர்பு ஏற்பட்ட இரண்டு வாரத்துக்குள் மற்றப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு.